ஊதா அரிதான நிறமா? ஒரு திருத்தக் குறிப்பு

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் குழந்தைகளிடம் நிறங்களைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். ஒரு மணி நேரப் பேச்சு. கதை மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக ஊதாவில் தொடங்கினேன். "இயற்கையில் ஊதா நிறம் மிக மிக அரிது. அதனால்தான் அந்தக் காலத்தில் ராஜாக்கள் மட்டுமே அதை உடுத்தினார்கள்" என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "சார், கத்திரிக்காய்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "அது வேறம்மா" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன்.

அது வேறு இல்லை. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. எங்கேயோ படித்ததைச் சரிபார்க்காமல் ஒப்பித்தவன் நான். அன்று அவளிடம் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் கொஞ்சம் தாமதமாக இங்கே எழுதுகிறேன்.

ஊதாவின் வரலாறு என்று இணையத்தில் சுற்றும் கட்டுரைகளை, ஆங்கிலத்தில் இருப்பதையும் தமிழில் பெயர்த்ததையும், இந்த இரண்டு மாதத்தில் முடிந்த அளவு படித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே எலும்புக்கூடு. இயற்கையில் ஊதா அரிது. ஃபினீசியர்கள் நத்தையிலிருந்து எடுத்தார்கள். பத்தாயிரம் நத்தைக்கு ஒரு கிராம். மன்னரைத் தவிர வேறு யாராவது உடுத்தினால் மரணம். அதனால்தான் தேசியக் கொடிகளில் ஊதா இல்லை. 1856-இல் பதினெட்டு வயதுப் பையன் பெர்கின் தற்செயலாகச் செயற்கைச் சாயம் கண்டுபிடித்தான், ஊதா ஏழைக்கும் கிடைத்தது. கடைசியில் ஒரு திருப்பம்: உண்மையில் ஊதா என்று ஒரு நிறமே இல்லை, மூளை உருவாக்கும் மாயை!

அழகான கதைதான். ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் வரியையும் வரியையும் ஒட்டியிருக்கும் "அதனால்தான்" இருக்கிறதே, அங்கேதான் கோளாறு.

கத்திரிக்காயின் சாட்சி

முதல் வரியிலிருந்து தொடங்கலாம். எங்கள் அத்தை ஜவுளிக்கடைக்குப் போனால் கேட்கும் நிறங்கள்: கத்திரிப்பூ கலர், வாடாமல்லி கலர், நாவல்பழ கலர். மூன்றுமே ஊதாக் குடும்பம்தான்; சிவப்பும் நீலமும் வேறு வேறு அளவில் கலந்தவை. ஒரு நிறம் இயற்கையில் அரிது என்றால், அதற்குப் பெயர் வைக்க ஒரு பூ, இன்னொரு பூ, ஒரு பழம் என்று மூன்று எப்படிக் கிடைத்தன? சொல்லப்போனால் 'ஊதா' என்ற சொல்தான் நமக்கு உருது வழியாக வந்து சேர்ந்தது. நிறம் அதற்கு முன்பே தோட்டத்தில் இருந்தது. பெரியவர்கள் பலர் நீலத்தையே ஊதா என்பார்கள், ஊதா மை என்றால் நீல மை. கத்திரிப்பூ கலர் என்றால் மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது.

தாவரங்களில் இந்த நிறத்தைத் தருவது பெரும்பாலும் ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பம். கத்திரிக்காய்த் தோலிலும் நாவல்பழத்திலும் மங்குஸ்தான் ஓட்டிலும் ஊதா முட்டைக்கோஸிலும் இருப்பது இதுதான். புளிப்பு கூடினால் சிவப்பாகும், காரம் கூடினால் நீலமாகும், நடுவில் நின்றால் ஊதா. வீட்டிலேயே பார்க்கலாம்: சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டால் நீலத் தண்ணீர்; அதில் எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் கண்ணெதிரே ஊதாவாகும். உயிரணுவின் சாறு பொதுவாகச் சற்றே புளிப்பு என்பதால், இந்த நிறமிக்குச் சிவப்பும் ஊதாவும் சுலபம், நல்ல நீலம்தான் கஷ்டம். நீலப் பூக்கள் அந்த நீலத்துக்காக உலோக அயனிகளையும் வேறு மூலக்கூறுகளையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "இயற்கையில் நீலம் அரிது" என்று சொன்னால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. அந்த வாக்கியத்தைத்தான் யாரோ ஊதாவுக்கு இடம் மாற்றி விட்டார்கள் என்பது என் ஊகம்.

வாடாமல்லி கதை வேறு. அதன் நிறம் ஆந்தோசயனின் இல்லை, பீட்டாலைன் என்ற இன்னொரு குடும்பம். பீட்ரூட், காகிதப்பூ எல்லாம் இந்தக் கட்சி. வேடிக்கை என்னன்னா, இந்த இரண்டு நிறமிகளையும் சேர்ந்தே உருவாக்கும் தாவரம் ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை. ஒன்று இருந்தால் மற்றது இல்லை. ஆக, தாவரங்கள் ஊதாவை ஒரு வழியில் அல்ல, முற்றிலும் வேறான இரண்டு வேதியியல் வழிகளில் எட்டியிருக்கின்றன.

விலங்குகளுக்கு வந்தால் ஊதா நிறமி குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறத்துக்கு நிறமி கட்டாயம் இல்லை. ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் நிழலில் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டதும் மின்னும். இறகின் நுண்ணிய அடுக்குகள் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தில் பிறக்கும் நிறம் அது. கடலில் ஜாந்தினா என்ற நத்தை உடம்பும் ஓடும் ஊதாவாக, தானே ஊதிய குமிழித் தெப்பத்தில் தலைகீழாகத் தொங்கி மிதக்கிறது.

இன்னும் கீழே போனால் நுண்ணுயிர். கடும் உப்பில் வாழும் ஹாலோபாக்டீரியத்தின் சவ்வில் பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதம் இருக்கிறது. அது பச்சை ஒளியை வாங்கிக்கொள்ளும். சிவப்பும் நீலமும் மிஞ்சும். ஆகவே சவ்வு ஊதா. ஆராய்ச்சியாளர்கள் அதற்கு வைத்த பெயரே 'ஊதாச் சவ்வு'. இலைப்பச்சையம் பரவுவதற்கு முன் பூமியின் உயிர்ப்பரப்பே ஊதாவாக இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கருதுகோள் உண்டு. கருதுகோள்தான், நிரூபணம் இல்லை. ஆனாலும் அரிது என்று ஒப்பித்த எனக்கு இது நல்ல குட்டு.

அரிதாக இருந்தது எது?

அப்படின்னா மன்னர்கள் எதற்காக அவ்வளவு செலவழித்தார்கள்? இதற்கு விடை காண நான் ஒரு சின்ன வேலை செய்தேன். நாவல்பழச் சாற்றில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் பிரமாதமான நிறம். சோப்புப் போட்டு அலசியதும் நீலம் கலந்த சாம்பலாகிப் போனது. கொடியில் ஒரு வாரம் வெயிலில் கிடந்த பிறகு, டீ கொட்டிய கறை மாதிரி ஒரு பழுப்பு மட்டும் மிச்சம்.

விஷயம் அவ்வளவுதான். உலகத்தில் ஊதா நிறைய இருந்தது. துணியில் தங்கும் ஊதாதான் இல்லை. ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும், சோப்புக்கு நிறம் மாறும், வெயிலுக்கு வெளுக்கும். பூவுக்கு அது போதும், இரண்டு நாள் வண்டை வரவழைத்தால் அதன் வேலை முடிந்தது. வேட்டிக்கு அது போதாது. கட்டுரைகள் இந்த இரண்டையும் பிரிக்காமல், சாயத்தின் அருமையை நிறத்தின் அருமை என்று எழுதுகின்றன. நானும் அதைத்தான் அந்தக் குழந்தைகளிடம் சொன்னேன்.

நத்தைச் சாயத்தின் பெருமை அதன் பிடிவாதத்தில் இருக்கிறது. மத்தியதரைக் கடலின் மூன்று வகை நத்தைகள் இதற்குப் பயன்பட்டன. அவற்றின் ஒரு சுரப்பியில் நிறமற்ற ஒரு திரவம் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறி ஊதாவில் போய் நிற்கும். நாற்றம் சகிக்க முடியாது என்று பழைய எழுத்தாளர்களே எழுதியிருக்கிறார்கள். இறுதியில் கிடைப்பது டைபுரோமோ இண்டிகோ. அதாவது நம் அவுரிச் செடியின் நீலம் எந்த மூலக்கூறோ, அதே மூலக்கூறு, கூடவே இரண்டு புரோமின் அணுக்கள். தண்ணீரில் கரையாது. நூலிழைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது. இஸ்ரேலின் திம்னா பள்ளத்தாக்கில் கிடைத்த சில கம்பளித் துணுக்குகளில் இந்தச் சாயம் இருப்பதாக 2021-இல் ஆய்வு வெளியானது. அவற்றின் வயது ஏறத்தாழ 3000 ஆண்டு. என் கைக்குட்டை ஒரு வாரம்!

இதில் ஒரு கொசுறு. சாயத் தொட்டியில் கரைந்த நிலையில் இருக்கும்போது வெயில் பட்டால் அந்தப் புரோமின் அணுக்கள் கழன்றுவிடும்; ஊதா போய் நீலம் வரும். 1980-களில் ஓட்டோ எல்ஸ்னர் என்ற வேதியியலாளர், மேகமூட்டமான நாளில் ஊதாவாகவும் வெயில் நாளில் நீலமாகவும் கம்பளி சாயமேறுவதைக் கவனித்துத்தான் இதைக் கண்டுகொண்டார். யூதர்களின் பழைய வழிபாட்டு நீலம் இப்படி வந்திருக்கலாம் என்ற விவாதமும் அங்கிருந்து சூடு பிடித்தது.

"பத்தாயிரம் நத்தைக்கு ஒரு கிராம்" என்ற கணக்குக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1909-இல் பால் ஃபிரீட்லேண்டர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் தூய சாயம் எடுத்து அதன் வேதி அமைப்பை நிறுவினார். அது ஒரு வேதியியலாளர் ஆராய்ச்சிக்காகச் சுத்திகரித்துப் பெற்ற அளவு. தீர் நகரத்துச் சாயக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் எடுத்த அளவு அல்ல. கட்டுரைகளில் அது பழங்காலப் பட்டறைக் கணக்காகவே மாறிவிட்டது. நத்தைகள் மலைமலையாகச் செத்தன என்பதில் சந்தேகமே இல்லை, சீதோனில் ஓடுகள் குவிந்து மேடாகவே கிடக்கின்றன. ஆனால் ஐந்து இலக்க எண்ணைச் சொல்லும்போது அது யாருடைய எண் என்றும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இத்தனைக்கும் கொல்லாமலும் சாயம் எடுக்கலாம். மெக்சிகோவின் ஓஹாக்கா கடற்கரையில் மிக்ஸ்டெக் மக்கள், பாறையில் ஒட்டியிருக்கும் ஒரு பசிபிக் நத்தையை மெல்லப் பெயர்த்து, அது உமிழும் பாலை நேரடியாகப் பருத்தி நூலில் வாங்கிக்கொண்டு, நத்தையைத் திரும்பப் பாறையிலேயே வைத்துவிடுவார்கள். 1980-களில் வெளியிலிருந்து வந்த வணிக அறுவடை இந்த நத்தைகளை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. 1988-இல் மெக்சிகோ அரசு பாதுகாப்பு ஆணை போட்டது. ஊதாவின் வரலாறு பேசும் கட்டுரைகள் ரோமாபுரியில் தொடங்கி லண்டனில் முடிந்துவிடுவதால் இவர்களுக்கு அதில் இடம் கிடைப்பதில்லை.

அது ஊதாவே இல்லை

இன்னொரு பெரிய குழப்பம். பழைய நூல்கள் புகழ்ந்த தீர் நகரத்து நிறம் நம் மனதில் வரும் கத்திரிப்பூ ஊதா அல்ல. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதியது, உயர்ந்த ரகம் உறைந்த ரத்தத்தின் நிறத்தில் இருக்கும், பார்க்கக் கறுப்பாகவும் வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்கவும் செய்யும் என்ற பொருளில். இந்த இடத்தில் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அவர்கள் இதற்கு வைத்த சொல் இரத்தாம்பரம். ரத்த ஆடை! ஊதா என்று போட்டிருந்தால் நமக்குக் கத்திரிக்காய்தான் தெரிந்திருக்கும். இன்றைய கட்டுரைகள் அரசர் படத்தைப் பளீரென்ற வயலட்டில் வண்ணமடித்து வைக்கின்றன. அந்தப் பழைய சொல் அவற்றைவிடத் தெளிவாக இருக்கிறது.

யார் உடுத்தலாம், யார் கூடாது

"மன்னர் மட்டும், மீறினால் மரணம்" என்ற வரிக்கு வருவோம். ரோமில் செனட்டர்களின் உடையில் அகன்ற ஊதாக் கரை இருந்தது. சுதந்திரக் குடும்பத்துச் சிறுவர்கள்கூட ஊதாக் கரை போட்ட தோகா அணிந்தார்கள். நீரோ சில ரகங்களின் விற்பனையைத் தடுத்தான் என்பது உண்மை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் சில உயர்ந்த ரகங்களைச் செய்வதையும் வைத்திருப்பதையும் கடுமையாகத் தடுக்கும் சட்டங்கள் வந்ததும் உண்மை. இவை வேறு வேறு காலம், வேறு வேறு ரகம், வேறு வேறு கடுமை. எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் ஆயிரம் வருடமும் ஒரே சட்டம் ஓடியது போல ஆகிவிடுகிறது.

கி.பி. 301-இல் டயோக்ளீஷியன் போட்ட விலை ஆணை இதற்கு நல்ல சாட்சி. ஊதாச் சாயமிட்ட பட்டு ராத்தலுக்கு 1,50,000 தெனாரி என்பது எல்லோரும் எடுத்துக்காட்டும் எண். அதே பட்டியலில் இன்னும் பல ஊதா ரகங்கள் இருக்கின்றன, படிப்படியாக விலை இறங்கிக்கொண்டே போகும். இதைச் சொல்வோர் குறைவு. உச்சவிலை நிர்ணயிக்கிறார்கள் என்றால் சந்தையில் விற்றது என்றுதானே பொருள்? அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் லீதியாளும் இரத்தாம்பரம் விற்கும் ஒரு வியாபாரிதான்.

அதைவிட முக்கியம், போலிகள். எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் ஏடுகளில், ஸ்டாக்ஹோமில் இருப்பதும் லைடனில் இருப்பதும், நத்தையே இல்லாமல் ஊதா செய்யும் குறிப்புகள் நிறைய. பாறையில் படரும் லைக்கன், மஞ்சிட்டி போன்ற வேர்கள், நீலச்சாயத்தின் மேல் சிவப்பு. நம் சோழமண்டலக் கரையிலும் அவுரி நீலத்தையும் சாயவேர்ச் சிவப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஊதா எடுத்தார்கள். சாயவேருக்குப் படிகாரத்தோடு இரும்புக் கரைசலைச் சேர்த்தாலும் சிவப்பு ஊதா பக்கம் சாயும். ஏழைகள் ஊதாவே பார்த்ததில்லை, பெர்கின் வந்துதான் காட்டினார் என்ற சித்திரத்தை இந்தப் பெயர் தெரியாத சாயக்காரர்களின் சமையல் குறிப்புகளே கலைத்துவிடுகின்றன.

கொடியும் மாயையும்

இந்த இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். சாயம் விலை அதிகம் என்பதால் தேசியக் கொடியில் ஊதா இல்லை என்றால், இன்றைய நாடுகளில் பெரும்பாலானவற்றின் கொடி பிறந்தது எப்போது? 20-ஆம் நூற்றாண்டில். மலிவான செயற்கை ஊதா வந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு. விலை காரணமாக இருக்க முடியாது. கொடிகள் கொடிகளைப் பார்த்துத்தான் பிறக்கின்றன, முன்னால் இல்லாத நிறம் பின்னாலும் வருவதில்லை என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தவிர, இல்லவே இல்லை என்பதும் பொய். 1931 முதல் 1939 வரை இருந்த ஸ்பானிஷ் குடியரசின் கொடியில் மூன்றில் ஒரு பட்டை ஊதா. 1978-இல் விடுதலை பெற்ற டொமினிக்காவின் கொடியில் ஒரு ஊதாக் கிளி உட்கார்ந்திருக்கிறது.

"ஊதா ஒரு மாயை" என்பதில் உள்ள உண்மை இது: வானவில்லின் ஓரத்தில் இருக்கும் வயலட்டுக்குத் தனி அலைநீளம் உண்டு. சிவப்பும் நீலமும் கலந்த பர்ப்பிளுக்கு அப்படி ஒற்றை அலைநீளம் கிடையாது. தமிழில் இரண்டையும் ஊதா என்றே எழுதுவதால் நம் கட்டுரைகளில் குழப்பம் இரட்டிப்பு. வானவில்லில் முதலில் நிற்பதாகப் பாடப்புத்தகம் சொல்லும் ஊதாவே இல்லாத நிறமாகிவிடுகிறது. ஆனால் ஒற்றை அலைநீளம் இல்லாததால் மாயை என்றால் வெள்ளையும் பழுப்பும் ரோஸும் மாயைதான். நிறம் என்பதே வெளியிலிருக்கும் ஒளியும் உள்ளிருக்கும் கண்ணும் மூளையும் சேர்ந்து செய்வது. தேனீக்கும் அதன் நிறமாலையின் இரு ஓரங்களான மஞ்சளும் புறஊதாவும் கலந்தால் தனி நிறமாகத் தெரியும்; விஞ்ஞானிகள் அதைத் 'தேனீ ஊதா' என்கிறார்கள். அதைப் பார்த்து வழி தெரிந்து பூவில் போய் இறங்கி வயிறு நிரப்பும் தேனீயிடம் இது மாயை என்று யார் போய்ச் சொல்வது?

பெர்கினுக்குப் பிறகு

கடைசி அத்தியாயம்தான் எனக்கு உறுத்துகிறது. 1856-இன் ஈஸ்டர் விடுமுறையில் வில்லியம் ஹென்றி பெர்கின் தன் வீட்டு ஆய்வகத்தில் கொய்னா செய்யப் பார்த்தார். கறுப்புக் கசடு வந்தது. அதைச் சாராயத்தில் கழுவியபோது ஊதா. சரி. ஆனால் அதற்கு முன்பே ஊதா மோஸ்தர் தொடங்கிவிட்டது. அந்த 1850-களிலேயே முரெக்ஸைடு என்ற ஊதாச் சாயம் விற்பனையில் இருந்தது. நத்தையின் பெயரைச் சூட்டிக்கொண்டாலும் அது செய்யப்பட்டது கடற்பறவை எச்சத்திலிருந்து! பிரான்சில் லைக்கனிலிருந்து நல்ல ஊதா எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1858 ஜனவரியில் விக்டோரியா மகாராணி மகள் கல்யாணத்துக்கு மாவ் நிறத்தில் உடுத்தி வந்தார் என்பதை எல்லோரும் பெர்கின் கணக்கில் எழுதுகிறார்கள். பெர்கினின் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது 1857-இன் கடைசியில்தான். மகாராணி உடுத்தியதற்குப் பெர்கின் காரணம் என்பதைவிட, ஏற்கெனவே உடுத்திக்கொண்டிருந்த நிறத்தைப் பெர்கின் மலிவாகச் செய்து தந்தார் என்பது பொருத்தம். இதனால் அவர் பெருமை குறைவதில்லை. தற்செயலாக வந்த கசடைக் கொட்டிவிடாமல், சாயப்பட்டறைக்கு அனுப்பிச் சோதித்து, தொழிற்சாலை வரை கொண்டுபோனது தற்செயல் இல்லை.

கட்டுரைகள் இங்கே "ஊதா எல்லோருக்கும் கிடைத்தது" என்று சுபம் போடுகின்றன. யாருடைய சுபம்? அந்த ஊதாவிலிருந்து கிளம்பிய சாயவேதியியல்தான் ஜெர்மனியில் பெரிய தொழிலாக வளர்ந்து 1897-இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்திய அவுரி விலை சரிந்தது. அவுரி போய்விட்டால் விவசாயி தப்பித்தான் என்றுதானே நினைப்போம்? பீகாரின் சம்பாரணில் நிலத்தில் இருபதுக்கு மூன்று பங்கு அவுரி போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்திய அதே தோட்ட முதலாளிகள், இப்போது அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதற்கென்று குத்தகையை உயர்த்தித் தங்கள் நஷ்டத்தை விவசாயிகள் தலையில் கட்டினார்கள். 1917-இல் காந்தி அங்கே போய் நின்றதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

இன்னொன்று. 1895-இல் ஃபிராங்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், அனிலின் சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதைக் கவனித்து அறிவித்தார். அவர்கள் செய்துகொண்டிருந்தது மெஜந்தா. கிட்டத்தட்ட நம் வாடாமல்லி கலர். நத்தைகளை எண்ணும் கட்டுரைகள் இவர்களை எண்ணுவதில்லை. நம் ஊர்க் கணக்கும் உண்டு. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போனது. மலிவான நிறத்துக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள், அவர்கள் முகவரி மட்டும் மாறுகிறது.

நியாயமாகச் சொன்னால், இந்தக் கட்டுரைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானே அவற்றைப் படித்துத்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன். ஒரு நிறத்துக்கு வரலாறு உண்டு என்று ஒருவரை யோசிக்க வைப்பது நல்ல காரியம். குறை எங்கே என்றால், எங்கோ எழுதப்பட்ட வாக்கியத்தைப் பெயர்க்கும்போது நம் கண்ணெதிரே இருப்பதை நாமே அழித்துவிடுகிறோம். கொல்லையில் கத்திரி பூத்திருக்க, குளத்தை ஆகாயத்தாமரை ஊதாவால் மூடியிருக்க, நாக்கெல்லாம் நாவல்பழக் கறையோடு, "ஊதா இயற்கையில் அரிது" என்று எழுதுகிறோம். எழுதியதைச் சந்தேகிக்காமல், கேட்ட குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

அந்தச் சிறுமி இப்போது கல்லூரியில் இருக்கும் வயது. எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. யாராவது அவளிடம் மறுபடி அதே கதையைச் சொன்னால், அவள் மறுபடி கையைத் தூக்க வேண்டும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இவ்வளவுதான்: "சரியாச் சொன்னம்மா. நிறம் நிறைய இருக்கு. துணியில நிக்கிற சாயம்தான் இல்ல. ஏன்னு பாப்பமா? வீட்டுக்குப் போய் ஒரு நாவல்பழத்தைக் கைக்குட்டையில பிழிஞ்சு, துவைச்சுப் பாரு."

அம்மாக்கள் திட்டியிருப்பார்கள். ஆனாலும் அந்தப் பாடம் சாயம் போயிருக்காது.